ஆற்றங்கரை முகாமில் வெந்நீர் உண்டு

காட்டு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்கு. கிழிப்பதோடு விட்டால் பரவாயில்லை, பேசவும் வேண்டும். வருகிறவர்கள் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, "எங்க தங்கலாம்?" என்று கேட்பார்கள். என் தலைக்குப் பின்னாலேயே பெரிய பலகையில் எல்லாம் எழுதியிருக்கிறது. படிக்க மாட்டார்கள். படிக்கிற ஜனமாக இருந்தால் என்னை எதற்கு இங்கே உட்கார வைக்கிறார்கள்? அதனால் நாள் முழுக்க ஒரே பாட்டை ஒப்பிப்பேன். மொத்தம் மூன்று முகாம். மேட்டு முகாம் என்றால் வண்டியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம், மின்சாரம் உண்டு, போன் சார்ஜ் போடலாம், ஆனால் மரம் கிடையாது, மத்தியானம் வெந்துபோவீர்கள். உள்காட்டு முகாம் என்றால் நடந்துதான் போக வேண்டும், ஒரு அடிபம்பும் ஒரு குழிக் கழிப்பறையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, மழை பெய்தால் அட்டைகள் கூப்பிடாமலே கூட வரும். ஆற்றங்கரை முகாமில் நிழல் உண்டு, மேசை பெஞ்சு உண்டு, தீ மூட்டக் கல் வளையம் உண்டு, சாப்பாடு வைக்க இரும்புப் பெட்டி உண்டு, காலையில் வெந்நீர் உண்டு.

வெந்நீர் என்ற சொல் காதில் விழுந்ததும் பின் சீட்டில் இருக்கும் பெண்களின் முகம் மலர்ந்துவிடும். "அதையே குடுங்க" என்பார்கள். வைஃபை இருக்கிறதா என்று கேட்கும் பிள்ளைகளை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அந்த வெந்நீரைப் போட்டவள் என் அண்ணி. முகாமில் எல்லோருக்கும் அவள் வெந்நீரக்கா. என் பெயரும் யாருக்கும் ஞாபகமில்லை, நான் டிக்கெட்டம்மா. அண்ணி மட்டும் செல்லமாக, அல்லது கோபமாக, "ஏய் டிக்கெட்டு" என்பாள். இரண்டுக்கும் குரலில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நாத்தனார் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் நான் ஆரம்பத்தில் இருந்தேன். அவள் போட்ட டீயில் சர்க்கரை அதிகம், மடித்த துணியில் மடிப்பு சரியில்லை. அவள் பதில் சொல்ல மாட்டாள். மறுநாள் சர்க்கரை சரியாக இருக்கும். யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் அதைச் சரி செய்யாமல் அவளால் உட்கார முடியாது, அது அவளுடைய வியாதி. சண்டை போட ஆள் கிடைக்காமல் நானே ஓய்ந்துபோய் அவளோடு சிநேகமாகிவிட்டேன்.

என் அண்ணன்தான் அந்த முகாமின் பாய்லர்காரன். குளியலறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் விறகு போட்டு எரிக்கும் பழைய பாய்லர். பாய்லர் மட்டும் இல்லை, குழாய், கதவு, இரும்புப் பெட்டி, கல் வளையம் எல்லாமே அவன் கைதான். கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குவார்ட்டர்ஸ். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். "வேலையைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வந்துடணும்" என்பான். எத்தனை நல்ல மனுஷன், ஆபீஸ் தொல்லையைப் பெண்டாட்டி தலையில் கொட்டுவதில்லை பார் என்று நானே ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

அவனிடம் எனக்கு ஒரே ஒரு கோபம்தான். என் கவுன்டரில் ஒரு பென்சில் வைக்க முடியாது. பேசிக்கொண்டே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். "ஏன்டா, இந்த வயசுல ஸ்கூல் சேரப் போறியா?" என்று கத்துவேன். "உன் பென்சில்தான் நல்லா கருப்பா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போவான். திருட்டுப்பயல்.

அவன் போனது பாய்லருக்கு முன்னால்தான். விறகுக் கட்டையை உள்ளே தள்ளிவிட்டுக் குந்தியிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். கையில் அடுத்த கட்டை இருந்தது. அண்ணி அவனை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்ட குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "உங்க வீட்டுக்காரர் வேலையை நீங்களே பாருங்கம்மா. தற்காலிகம்தான். ஆத்தங்கரை முகாம் இருக்கற வரைக்கும் வேலை, வேலை இருக்கற வரைக்கும் குவார்ட்டர்ஸ்" என்றார். அண்ணிக்குப் பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல ஒரு செங்கல்கூட இல்லை. எனக்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார், இப்போது வேறு ஊரில் வேறொருத்தியோடு இருக்கிறார், அந்தக் கதை இங்கே வேண்டாம். என்னிடம் இருந்தது காட்டுக்கு வெளியே ஒரே ஒரு வாடகை அறை. ஆக, அந்தத் தகரக் கொட்டகையும் அறையும்தான் அண்ணிக்கு உலகத்தில் மிச்சம்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள் பாருங்கள், உடும்புப் பிடி. புடவைக்கு மேல் அண்ணனின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு விடியும் முன்பே பாய்லரை மூட்டிவிடுவாள். கூடாரத்துக்காரர்கள் பல்லில் பிரஷை வைத்துக்கொண்டு வரும்போது குழாயில் ஆவி பறக்கும். அவளுக்கு அதில் ஒரு கர்வம்கூட உண்டு. "நேத்து ஒரு பாட்டிம்மா, வீட்டுல கூட இப்படிக் குளிச்சதில்லைன்னு சொல்லிட்டுப் போச்சுடி" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் அந்தக் கரடி. அதையும் சொல்லிவிட வேண்டும். வயதான பெண் கரடி, ஒரு காது கிழிந்திருக்கும். யாரையும் ஒன்றும் செய்ததில்லை. காலையில் எல்லோரும் ஆற்றுக்குப் போனதும் காட்டிலிருந்து இறங்கி வரும். ஒவ்வொரு மேசையாக மோந்து பார்க்கும், ஒவ்வொரு இரும்புப் பெட்டியாகத் தட்டிப் பார்க்கும், எதுவும் கிடைக்காமல் உர் என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். அண்ணி அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "சொல்லாம வரும், எல்லார் அடுக்களையிலயும் மூக்கை நுழைக்கும், ஒண்ணும் பிடிக்காம மூஞ்சியைத் தூக்கிட்டுப் போகும். வேற என்ன பேர் வைக்கறது?" என்பாள். அவள் மாமியார் என்றால் என் அம்மா. எனக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் அம்மா அப்படித்தான் இருந்தாள், என்ன செய்வது?

அந்த இரும்புப் பெட்டிகளில் வெளியே கைப்பிடி கிடையாது. கதவில் ஒரு சின்ன மூடி மாதிரி இருக்கும். அதற்கடியில் விரலை நுழைத்து உள்ளே இருக்கும் தகட்டை மேலே நெம்பினால்தான் திறக்கும். கரடியின் பாதம் அந்தச் சந்தில் நுழையாது. தகடு விறைப்பாக இருக்கும், ஆண்களே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் திறப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் போகும்போது என்னிடம் சொல்லும் குறை அது ஒன்றுதான். "எல்லாம் நல்லா இருக்கு, அந்தப் பெட்டியைத் திறக்கத்தான் நகம் பேந்துபோச்சு."

போன பருவம் ஆரம்பிக்கும்போது மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. மூன்று முகாம் நடத்தக் கட்டுப்படியாகவில்லையாம், ஒன்றை மூடப்போகிறார்களாம். எதை மூடுவது என்று முடிவு செய்ய ஒரு பெரிய அதிகாரி அம்மா வந்து வசதிகளைப் பார்வையிடுவாராம். மேட்டு முகாம் தப்பிவிடும், அதில்தான் கூட்டம். ஆக ஆற்றங்கரையா, உள்காடா என்பதுதான் கேள்வி.

அன்று சாயங்காலம் நான் போனபோது அண்ணி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கை சும்மா இருந்தது. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"மூடிட்டா நான் எங்கடி போவேன்?" என்றாள்.

"என் ரூம் இருக்கு."

"உன் ரூம்ல நீயே குறுக்கால படுத்துட்டிருக்கே."

"அதெல்லாம் மூட மாட்டாங்க. வெந்நீர் இருக்கற முகாமை எவனாவது மூடுவானா?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எல்லாரும் என்ன குறை சொல்றாங்கன்னு சொல்லு" என்றாள். நானும் சொன்னேன். குளியலறையில் இரண்டாவது கதவு சாத்தவில்லை. கண்ணாடியில் ரசம் போய்விட்டது. மேசையில் சிராய் குத்துகிறது. பெட்டி திறக்கவில்லை. அவள் விரல் மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கதவைக் கழற்றி இழைத்து மாட்டினாள். ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடிப் புதுக் கண்ணாடி வாங்கினாள். மேசைகளை மணல்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கையில் தோல் போனது. கல் வளையங்களில் சாம்பலை அள்ளி, கழிப்பறைச் சுவரில் எவனோ எழுதி வைத்த காதலைச் சுரண்டி எடுத்தாள். "அவன் என்ன பாவம் பண்ணான், இருக்கட்டும் விடுங்களேன்" என்றேன். "கக்கூஸ்லயா காதலிப்பான்?" என்றாள். அந்த நாட்களில் அவளிடம் ஒரு வேகம் இருந்தது. அண்ணன் போன பிறகு முதல் தடவையாக அவள் பாடிக்கொண்டே வேலை செய்வதைக் கேட்டேன். ஒரு அடிதான் தெரியும், அதையே திருப்பித் திருப்பிப் பாடினாள்.

அதிகாரி அம்மா வந்தார். குளியலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டியவர், "அட, நிஜமாவே சுடுதே" என்று இழுத்துக்கொண்டார். மேசையைத் தடவிப் பார்த்தார். கடைசியாக இரும்புப் பெட்டிக்கு வந்தார். நான் மனதுக்குள் போச்சுடா என்று நினைத்தேன். அவர் இரண்டு விரலை மூடிக்கு அடியில் நுழைத்தார், கதவு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. ரேஞ்சரே ஆச்சரியப்பட்டார். "மத்த இடத்துல எல்லாம் இது பெரிய புகாரா இருக்கு. இங்க மட்டும் எப்படி?" என்று அதிகாரி அம்மா கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

அவர்கள் போனதும் நானும் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் திறந்தது. விரலை மோந்தால் வெங்காயம் பொரித்த வாசனை.

"என்ன அண்ணி இது?"

"எண்ணெய் விட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு இளக்கினேன்."

"சமையல் எண்ணெயா?"

"ஆபீஸ்ல மெஷின் எண்ணெய் கேட்டேன், ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க. பொரிச்ச எண்ணெய் சும்மாதானே கிடந்தது."

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. சாமர்த்தியமாகத்தான் பட்டது. அதிகாரி அம்மா மூடப்போவது உள்காட்டு முகாமைத்தான் என்று இரண்டு மூன்று நாளில் ரேஞ்சர் காதோடு காதாகச் சொன்னார், உத்தரவு பிறகு வரும் என்றார். நான் கவுன்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன். அண்ணி கேட்டுவிட்டுப் பாய்லர் தகரத்தை உள்ளங்கையால் தட்டினாள். "கேட்டியா? நீயும் நானும் இருக்கோம்" என்று அதனிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை.

உத்தரவு வருவதற்குள் மாமியார் வந்துவிட்டது.

அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்று எனக்கு விடுமுறை, அண்ணி வீட்டில் இருந்தேன். காலை வெயில் ஏறி, கூடாரத்துக்காரர்கள் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். கரடி வழக்கம்போல முதல் மேசையை மோந்தது. பெட்டிக்கு வந்தது, தட்டவில்லை. மூக்கை மூடிக்கு அருகில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. பிறகு நாக்கை நீட்டி அந்தச் சந்துக்குள் விட்டு நக்க ஆரம்பித்தது. எண்ணெய் வாசனை அல்லவா. நக்கிக்கொண்டே இருந்தது, திடீரென்று கதவு திறந்து அதன் மூக்கில் இடித்தது. அது பின்னால் துள்ளியது. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, சொன்னால் என்ன. ரொட்டி, ஜாம், பாலாடைக்கட்டி, யாரோ பிள்ளைக்கு வைத்திருந்த கேக், எல்லாம் போனது. மாமியாருக்கு ஆயுசில் முதல் தடவையாக ஒரு வீட்டுச் சாப்பாடு பிடித்துப்போனது.

அண்ணி சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொன்னாள். கரடி போனதும் வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு பெட்டியாகத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். வாசனை போயிருக்கலாம். இளகின தகடு இளகினதுதான். அதைவிட, கரடி கற்றுக்கொண்டது கற்றுக்கொண்டதுதான். மறுநாள் வந்து வாசனையே இல்லாத பெட்டியை நாக்கால் திறந்தது. அதற்கடுத்த நாள் எல்லாப் பெட்டியையும் திறந்தது. ரேஞ்சர் பெட்டிகளுக்குச் சங்கிலி போடச் சொன்னார். சங்கிலி வரும் வரை பெட்டிகளைக் காலியாக வைக்கச் சொன்னார், கரடிக்குப் பொறுமை போய்விட்டது. பகலில் ஆள் இருக்கும்போதே வந்து, ஒரு கூடாரத்தைக் கிழித்து, உள்ளே படுத்திருந்த ஒரு பெண்ணின் தோளைக் கீறிவிட்டது. பெண் பிழைத்துக்கொண்டாள், தையல் போட்டார்கள்.

மனிதச் சாப்பாடு பழகிய கரடியை விட்டுவைக்க மாட்டார்கள். அதுதான் விதி. எங்கே கொண்டுபோய் விட்டாலும் சாப்பாடு இருக்கும் இடத்துக்குத் திரும்பி வரும். துப்பாக்கியோடு ஆட்கள் உள்ளே போனபோது நான்தான் வாசல் தடியைத் தூக்கிவிட்டேன். அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே முதல் மேசைக்கு வந்து நின்றதாம். வெடிச் சத்தம் வாசல் வரை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஆளே இல்லாத முகாமில் அண்ணி பட்டப்பகலில் பாய்லருக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குளிக்க ஒரு ஈ காக்கை கிடையாது. குழாயெல்லாம் ஆவி.

"அண்ணி, போதும் விடுங்க."

"அது என்னடி பண்ணுச்சு? நான் கதவைத் திறந்து வச்சேன், அது வந்துச்சு" என்றாள்.

விசாரணை ரேஞ்சர் அறையில் நடந்தது. அதிகாரி அம்மாவும் வந்திருந்தார். அண்ணிக்குத் துணையாக நானும் போனேன். ரேஞ்சர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

"ஆத்தங்கரை முகாமை மூடறதா முடிவாயிடுச்சும்மா. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா உங்களை மேட்டு முகாமுக்கு மாத்திடலாம், அங்க துப்புரவுக்கு ஆள் வேணும், தங்க இடமும் இருக்கு. பெட்டி எல்லாம் பழசு, ஸ்பிரிங் தேஞ்சு போச்சு, உங்க வீட்டுக்காரர் இருந்தப்பவே சரியா பராமரிக்கலைன்னு எழுதிடறேன். உங்க மேல எதுவும் வராது" என்றார்.

நான் மூச்சு விட்டேன். அண்ணி பேசாமல் இருந்தாள். பேசாமல் இரு தாயே, இப்படியே இரு என்று வேண்டிக்கொண்டேன். அவள் உதடு அசைவதைப் பார்த்ததும் மேசைக்கடியில் அவள் காலை ஓங்கி மிதித்தேன்.

"அவர் பராமரிக்கலைன்னு எழுதாதீங்க" என்றாள்.

"வேற எப்படிம்மா எழுதறது?"

"நான் எண்ணெய் விட்டேன்னு எழுதுங்க. அவர் இருந்த வரைக்கும் ஒரு பெட்டியை ஒரு கரடி திறந்ததில்லை."

அதிகாரி அம்மா நிமிர்ந்தார். "என்ன எண்ணெய்? யாரைக் கேட்டு விட்டீங்க?"

"சமையல் எண்ணெய்ங்க. மெஷின் எண்ணெய் கேட்டேன், இல்லைன்னாங்க."

ரேஞ்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, பாதுகாப்புச் சாதனத்தில் கை வைத்தவரை வேலையில் வைத்துக்கொள்ள விதியில் இடம் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்ற மாதிரித்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "உங்களுக்குப் பைத்தியமா? செத்தவனுக்கு என்ன, வேலையா போகப்போகுது? எழுதிட்டுப் போகட்டுமே!"

"உன் அண்ணன்டி அது."

"என் அண்ணன்தான், அதனாலதான் சொல்றேன். அவன் உயிரோட இருந்தா என் பேர்ல எழுதிக்கங்கன்னு அவனே சொல்லியிருப்பான்."

"அவரு சொல்லியிருப்பாரு" என்றாள் அண்ணி. "நான் எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நான் மிதித்ததில் அவள் கால் சுண்டுவிரல் வீங்கியிருந்தது, நொண்டிக்கொண்டே நடந்தாள். இப்போதும் கேட்டால் நான் அவள் செய்தது தப்பு என்றுதான் சொல்வேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு பெட்டி, பாத்திரம், பாய். உதவிக்கு முகாமின் வாச்சர் வந்திருந்தான், அண்ணனோடு பல வருஷம் வேலை பார்த்தவன். கொட்டகையில் விறகுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. நான்தான் எடுத்தேன், மூடியைத் திறந்தேன். உள்ளே முழுக்கப் பென்சில் துண்டுகள். என் பென்சில்கள்! பிளந்து, நடுவில் இருக்கும் கரியை உருவியிருந்தான். பக்கத்தில் ஒரு பழைய பல் பிரஷ், அடியில் மைபோலக் கருப்பாகத் தூள்.

"பாருங்க அண்ணி, திருட்டுப்பய மகன் வேலையை" என்று சிரித்தேன்.

வாச்சர் எட்டிப் பார்த்தான். "இது பெட்டிக்குப் போடறது" என்றான்.

"எந்தப் பெட்டிக்கு?"

"இரும்புப் பெட்டிக்குத்தான். ஒவ்வொரு மழை முடிஞ்சதும் துருவைச் சுரண்டிட்டு இந்தத் தூளைப் போடுவாரு. திறக்கறதுக்கு ஆகுற அளவுக்கு மட்டும். எண்ணெய் ஆகவே ஆகாது, கரடி நக்கும்னு சொல்லுவாரு."

டப்பாவைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். பிறகு அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "தெரிஞ்சு வச்சுக்கிட்டு நீ ஏன்டா சொல்லலை?"

அவன் பாவம், மிரண்டுபோனான். "அக்கா எண்ணெய் விட்டது எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் செய்யறது அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன். புருஷன் பொண்டாட்டி, இதெல்லாம் பேசிக்க மாட்டீங்களா?"

நான் சட்டையை விட்டேன். அண்ணி டப்பாவை என் கையிலிருந்து வாங்கினாள். ஒரு விரலைத் தூளில் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தாள். கருப்பு பளபளவென்று ஒட்டிக்கொண்டது.

"மழைக்காலம் முடிஞ்சா கையெல்லாம் இப்படித்தான் வரும்" என்றாள். "பாய்லர் கரின்னு நினைச்சு நான்தான் உக்கார வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி விடுவேன். போகவே போகாது. என்னங்க இது, இவ்வளவு அழுக்குன்னு திட்டிக்கிட்டே கழுவுவேன். சிரிச்சுட்டு உக்காந்திருப்பாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லலையே."

அப்போதுதான் அழுதாள். அண்ணன் செத்த அன்று கூட அப்படி அழவில்லை. வாச்சர் வெளியே போய் நின்றுகொண்டான். நான் அவள் பக்கத்தில் விறகு மேல் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் வேலையை வாசலில் விட்டுவிட்டு வந்ததைப் பெருமையாகப் பேசித் திரிந்தவள் நான்.

இப்போது அவள் என் அறையில் இருக்கிறாள். வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் வயதைக் கேட்கிறார்கள், கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு மேல் கேட்பதில்லை. இரண்டு மூன்று இடத்துக்குப் பிறகு அவளும் போவதை விட்டுவிட்டாள். நான் குறுக்கால் படுப்பதை நிறுத்திவிட்டேன். காக்கிச் சட்டையை மட்டும் கழற்றுவதில்லை. பாடுவதில்லை. சாயங்காலம் நான் திரும்புவதற்குள் பெரிய பாத்திரம் நிறைய வெந்நீர் போட்டு வைத்துவிடுகிறாள், ஒரு கல்யாணக் கூட்டமே குளிக்கலாம். கேஸ் தீர்ந்துபோகும் அண்ணி என்று முதலில் சத்தம் போட்டேன், இப்போது போடுவதில்லை.

ஆற்றங்கரைக்குப் போகும் பாதையில் கயிறு கட்டிவிட்டார்கள். பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக வாச்சர் சொன்னான், நான் அவளிடம் சொல்லவில்லை. பலகையை இன்னும் யாரும் மாற்றவில்லை, அதில் மூன்று முகாம்தான் இருக்கிறது. என் வாயும் அப்படித்தான். நேற்று ஒரு குடும்பம் வந்தது. மேட்டு முகாம், உள்காட்டு முகாம் என்று ஒப்பித்துக்கொண்டே போனவள், "ஆற்றங்கரை முகாமில் நிழல் உண்டு, காலையில் வெந்நீர் உண்டு" என்று சொல்லிவிட்டேன். பின் சீட்டுப் பெண்மணி முகம் மலர்ந்து, "அதையே குடுங்க" என்றார். அது மூடியாச்சும்மா என்று சொல்லி, மேட்டு முகாமுக்குக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள்.

நான் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி கேட்பாள். தினமும் கேட்பாள். என் முகத்தைப் பார்க்காமல், பாத்திரத்தின் மூடியைத் திறந்து ஆவியைப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

"யாராச்சும் ஆத்தங்கரை முகாம் வேணும்னு கேட்டாங்களாடி?"

"ஒருத்தரும் கேக்கல அண்ணி" என்று சொல்லிவிட்டு, வெந்நீரை மொண்டு கை கால் கழுவப் போகிறேன்.